ஓணானின் ஆமாம்

கருவேல மரத்தில் ஒரு தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. பெட்டைகள் கூடு பார்க்க வரும் நாள் நெருங்கியும் கூடு பாதியிலேயே தொங்கியது. நார் எடுக்கப் போகும். வழியில் தும்பி பறந்தால் அதன் பின்னாலேயே போய்விடும். வெறும் அலகோடு திரும்பி, "நானெல்லாம் எங்கே உருப்படப்போறேன்!" என்று தன்னையே திட்டும். கீழ்க்கிளை ஓணான் தலையை ஆட்டும்.

"பார், ஓணானுக்கே தெரிஞ்சிருக்கு!" அதோடு அன்றைய வேலை போச்சு.

ஒருநாள் தும்பி போன வழியில் நல்ல நீள நார் கிடைத்தது. "பரவாயில்லையே நான்!" என்றது குருவி, தன்னை மறந்து. ஓணான் தலையை ஆட்டியது.

குருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் மக்குதானே?" ஆட்டியது. "கெட்டிக்காரன்தானே?" அதற்கும் ஆட்டியது.

"அட மண்டையாட்டி! எதைச் சொன்னாலும் ஆமாமா?" குருவி சிரித்த சிரிப்பில் கிளையே குலுங்கியது.

அப்புறமும் தும்பி பறந்தது, குருவியும் பின்னால் போனது. ஆனால் திரும்பி வந்ததும், "விட்ட இடத்திலேர்ந்து பின்னலாமா?" என்று கேட்டது. ஓணான் ஆட்டியது.

கடைசியில் கூடு முடிந்தது, ஒரு பெட்டையும் வந்தது. உள்ளே நுழைந்து, சுற்றிப் பார்த்து, தலையை நீட்டியது.

"முழுசும் நீயேவா பின்னினே?"

குருவி வாய் திறப்பதற்குள் ஓணான் தலையை ஆட்டியது.