கழுவிய ஃபில்டர்

கரகரவென்று உறுமும் மீன்தொட்டி மோட்டாருக்குப் பக்கத்தில், மனைவியின் தலையைச் சுவரில் மோதினான் அவன்.

"தண்ணி கலங்கி மீனெல்லாம் மூச்சுக்குத் தவிக்குது. ஃபில்டரைக் கழுவினா கை தேஞ்சிடுமாடி?"

"ஐயோ, விடுங்க! நாளைக்கே கழுவிடறேன்!"

அவள் அலறியும் யாரும் வரவில்லை. என்றைக்கு வந்தார்கள்?

மறுநாள் ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினாள். மோட்டாருக்குள் அடைத்திருந்த பாசியைச் சுரண்டி எடுத்தாள். மாலைக்குள் தண்ணீர் தெளிந்தது, மீன்கள் துள்ளின.

வீடு திரும்பியவனுக்குக் காபி ஆறிப்போயிருந்தது. பெல்ட்டை உருவினான். முதல் அடிக்கே அவள் அலற, கதவு படாரென்று திறந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் பாய்ந்து பெல்ட்டைப் பிடுங்கி, அவனைத் தரையில் அமுக்கினார்.

"இத்தனை நாளா இதுதான் நடக்குதா? உங்க மோட்டார் சத்தத்துல ஒண்ணுமே கேட்கலையேம்மா!" என்று அவர் பின்னாலேயே ஓடிவந்த அண்ணி அழுதாள்.

தொட்டியில் மோட்டார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அவருதான் அண்ணி கழுவச் சொன்னாரு," என்றாள், உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு.