கட்டைவிரல் அகலம்

"இப்படி முழுசா மண்ணுல போட்டு வச்சா மரம் காயாது தங்கச்சி, மக்கித்தான் போகும். ஒரு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

மரம் அறுக்கும் மெஷினைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே கேட்டார் மெஷின்காரர். கை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வாய் ஓயாத மனிதர். வீட்டின் பின்பக்கம் அந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. நாலடி தள்ளி அதன் அடிக்கட்டை பாசி பிடித்து நின்றது.

கேட்டது மருமகளிடம். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த மாமியார்தான் சொன்னாள்.

"அதைத் தொட யாருக்கும் மனசு வரல தம்பி. என் புள்ளையைக் கொண்டுபோன மரம். அன்னிக்கு அடிச்ச காத்து அப்படி. போன்லயே சொன்னேனே?"

"சொன்னீங்க பெரியம்மா, சொன்னீங்க." நாலு தடவை சொல்லியிருந்தாள்.

பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "முதல்ல இது. கண்ணுல தூள் விழுந்தா ஆளு காலி. நிறையப் பேரு இதைத்தான் அலட்சியம் பண்ணுவாங்க."

மருமகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெஷின் அலறத் தொடங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அது ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அறுத்த துண்டு ஒன்றை நிமிர்த்தி வைத்து, கோடாலியால் ஒரே போடாகப் பிளந்தார் அவர்.

"தொட்டுப் பாருங்க. வெளிய காஞ்ச மாதிரி இருக்கு. உள்ள ஈரம் அப்படியே நிக்குது. இதை அடுப்புல வச்சா புகைதான் வரும். நான் பிளந்து போட்டுட்டுப் போறேன். கீழ ரெண்டு பலகை கொடுத்து அடுக்குங்க. மேல மட்டும் மூடுங்க, பக்கத்தை மூடாதீங்க, காத்து உள்ள போய் வரணும். அடுத்த குளிருக்கு ரெண்டு விறகை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாருங்க. டங்குனு கேட்டா எரிக்கலாம். தொப்புனு கேட்டா இன்னும் பொறுக்கணும்."

மருமகள் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. அவள் கண் அடிக்கட்டை மேலேயே இருந்தது.

"அண்ணே, அந்தக் கட்டையைப் பார்த்தா உங்களுக்குத் தெரியுமா? அன்னிக்கு அறுத்ததுல தப்பா, இல்ல காத்துதானா?"

"காத்துதான்!" படியிலிருந்து மாமியாரின் குரல் பாய்ந்து வந்தது. "எத்தனை தடவைம்மா சொல்றது? நீங்க சொல்லுங்க தம்பி. காத்துதானே?"

பெற்ற மனசு, செத்த பிள்ளை மேல் பழி வர விடுமா என்று மெஷின்காரர் நினைத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது.

"பெரியம்மா, குடிக்கக் கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா?"

கிழவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அரைமனதாக எழுந்து உள்ளே போனாள்.

மெஷின்காரர் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் குந்தி, பாசியைக் கையால் தள்ளினார். அறுத்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"உள்ளதைச் சொல்லவா தங்கச்சி?"

"சொல்லுங்கண்ணே. இதைத் தெரிஞ்சுக்காம என்னால ஒரு வாய் நிம்மதியா சாப்பிட முடியல."

"மரம் விழ வேண்டிய பக்கம் முதல்ல ஆப்பு வடிவத்துல ஒரு வாய் வெட்டணும். அது சரியாத்தான் இருக்கு. அப்புறம் பின்பக்கத்துலேருந்து அறுத்துட்டு வரும்போது, கட்டைவிரல் அகலத்துக்கு அறுக்காம விட்டுடணும். அந்தப் பிடிப்புலதான் மரம் நம்ம சொன்ன பக்கம் சாயும். இங்க பாருங்க. இந்த ஓரத்துல அது இல்லவே இல்ல. முழுசா அறுத்தாச்சு. அதுக்கப்புறம் மரம் யார் பேச்சைக் கேட்கும்? அது இஷ்டத்துக்குத் திரும்பிடும்."

"அப்போ காத்து?"

"அடிச்சிருக்கலாம். ஆனா அந்த ஒரு விரல் அகலம் இருந்திருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அவள் குனிந்து, அந்த ஓரத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"கயிறு கட்டி இழுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ம்."

"அதான் மனசைப் போட்டு உழப்பிக்கிறீங்க. கயிறு பிடிச்சவங்க மேல ஒரு துளி தப்பு கிடையாது தங்கச்சி. மெஷின் பிடிச்ச ஆளுதான் எல்லாத்துக்கும் பொறுப்பு. வேற யாரும் இல்ல. இனிமேலாவது நிம்மதியா சாப்பிடுங்க."

"சரிண்ணே" என்றாள். எழுந்து வீட்டுக்குள் போனாள். ஏதோ ஓர் அறைக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ஒரு பெண்ணின் நெஞ்சிலிருந்து பாரத்தை இறக்கிவிட்ட திருப்தியோடு மெஷின்காரர் கண்ணாடியைத் துடைத்தார். மாமியார் டம்ளரோடு வேகமாக வந்தாள்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் பெரியம்மா. கோச்சுக்காதீங்க. அறுத்ததுல தப்பு இருக்கு, அறுத்தவர் தப்புதான். செத்தவரைக் காப்பாத்தறதுக்காக, உயிரோட இருக்கிற பொண்ணை எத்தனை நாளைக்கு வதைப்பீங்க?"

டம்ளர் சாய்ந்து சுடுதண்ணீர் அவள் பாதத்தில் கொட்டியது. அவள் காலை நகர்த்தவே இல்லை.

"அவனுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்கூட ஆகல தம்பி. தூள் படக்கூடாதுன்னு அவன் தள்ளி நின்னு கயித்தைத்தான் பிடிச்சிருந்தான்" என்றாள் மாமியார், சாத்திய கதவுப் பக்கம் பார்த்தபடியே. "மெஷின் அவ கையிலதான் இருந்துச்சு."