பொறிவண்டுப் பை

"இன்னைக்கும் கண்ணாடியைத் தட்டினேன்னா, உன்னை வெளியில நிக்க வச்சுடுவேன்!"

எச்சரித்தவர் கத்தரி சார். அந்த வடிவமைப்பு நிறுவனத்தின் தலைவர். தேறாது என்று தோன்றும் திட்டங்களைத் தயவு தாட்சண்யம் பாராமல் வெட்டிவிடுவதால் ஊழியர்கள் வைத்த பெயர் அது.

"தட்ட மாட்டேன் சார். போன தடவை ஏதோ ஒரு வேகத்துல..." என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள் வண்டு.

அதுவும் ஆபீஸ் வைத்த பெயர்தான். பொறிவண்டு தன் நீளமான இறக்கையை அந்தச் சின்ன ஓட்டுக்குள் எப்படி மடித்து வைக்கிறது என்று ராப்பகலாக ஆராய்ந்து, ஒரு பை செய்திருந்தாள். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு உதறு உதறினால் முதுகில் மாட்டும் பெரிய பையாக விரியும்.

சோதிக்க வந்தவர்களுக்குத்தான் அது புரியவில்லை. ஜிப்பைத் தேடியே களைத்துப் போனார்கள். ஒருவர் சோப்பு டப்பா என்று நினைத்து முகர்ந்து பார்த்தார். கடைசியாக வந்தவரிடம், பொறுக்க முடியாமல் கண்ணாடியைத் தட்டி "உதறுங்க!" என்று வண்டு கத்திவிட, சோதனையே ரத்து.

"இதுவும் ஊத்திக்கிச்சுன்னா, பையை மூட்டை கட்டிட வேண்டியதுதான்" என்றார் கத்தரி சார்.

இருவரும் நின்றது ஓர் இருட்டறையில். எதிரே இருந்த கண்ணாடி இந்தப் பக்கம் ஜன்னல். அந்தப் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்கு அப்பால் சோதனை அறை. வருகிறவரை யாரும் வரவேற்கக் கூடாது, விளக்கக் கூடாது என்பது விதி. தெருக்கதவைப் பூட்டாமல் சாத்தி வைத்திருந்தார்கள். மேஜையில் கேமரா, இஸ்திரிப் பெட்டி, கனத்துக்காகக் கத்தரி சாரின் லேப்டாப், மடித்த பை. பக்கத்தில் ஓர் அட்டை: 'இங்கே உள்ள எல்லாவற்றையும் இந்தப் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனை வரை வேகமாகப் போகவும்.'

கதவு மெல்லத் திறந்தது. தொப்பி அணிந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏன் இப்படித் தயங்கறார்?"

"புது இடம் சார். கூச்சமா இருக்கும்."

வந்தவர் அட்டையைப் படித்தார். மறுபடியும் படித்தார். நெஞ்சில் கை வைத்துக் கூரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ஈடுபாடு சார்! இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்."

அவர் பையைக் கையில் எடுத்தார். திருப்பினார். அமுக்கினார். வண்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'உதறு... அண்ணா, உதறுண்ணா...'

உதறினார். படக்கென்று விரிந்தது பை!

சத்தம் வராமல் குதித்தாள் வண்டு. கத்தரி சாரின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

"கனமானதை அடியில வைக்கறார் பாருங்க சார். லேப்டாப்பை முதுகுப் பக்கம்! நான் நினைச்ச மாதிரியே!"

"அது சரி, சுவர்க் கடிகாரத்தை எதுக்குக் கழட்டறார்?"

"'எல்லாவற்றையும்'னு போட்டிருக்கோமே சார். சொன்னதைச் செய்யறார்."

"நல்ல மனுஷன்" என்றார் கத்தரி சார், முதல் தடவையாக. "ஆனா, ஓடினா முதுகுல தொங்கி ஆடுமே. அங்கேதான் எல்லாப் பையும் தோத்துப் போகுது."

தொப்பிக்காரர் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். இருவரும் சோதனை அறைக்குள் பாய்ந்து வாசலுக்கு ஓடினார்கள்.

"சார், ஓடறார் சார்! பை அசையுதா பாருங்க!"

"ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கே! ஏய், தெருமுனையையும் தாண்டிட்டாரே?"

"கனமே தெரியலை சார் அவருக்கு!"

கத்தரி சார் அவள் தோளில் ஓங்கித் தட்டினார். "இதை வெட்டினா என் கை விளங்காது. நாளைக்கே தயாரிப்பை ஆரம்பி!"

வண்டுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றார். "மன்னிச்சுக்கோங்க, வழியில வண்டி மக்கர் பண்ணிடுச்சு. ஏதோ பையைச் சோதிச்சுப் பார்க்கணும்னு வரச் சொன்னீங்களே... எங்கே பை?"

கத்தரி சார் காலி மேஜையைப் பார்த்தார். கடிகாரம் இல்லாத ஆணியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. உங்களைவிட அனுபவசாலி ஒருத்தர் சோதிச்சுப் பார்த்துட்டு, பிடிச்சுப்போய் எடுத்துட்டே போயிட்டார்!"