மைனஸ் நாற்பதில் ஓர் அறை

"அண்ணே, குளுருதா?"

சுவரில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் கார்மேகத்தின் குரல் கேட்டது. உமாபதி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"வலது பக்கச் சுவருல, முழங்கால் உயரத்துல காத்து வருதுப்பா. போன தடவை மாதிரியேதான்."

"மறுபடியுமா?"

வெளியே, சவூதியின் ஜுபைல் நகரில் ஜூலை மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய குளிர்கிடங்குக்குள் மட்டும் மைனஸ் நாற்பது டிகிரி. அதன் நடுவில் நின்றது உமாபதி இருந்த அந்த அறை. துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றினால், பனிப்பிரதேசத்தில் இறக்கி ஒரே நாளில் பொருத்திவிடலாம். அங்கே எரிபொருள் கொண்டுபோவது பெரும்பாடு. அதனால் உள்ளே ஒரே ஒரு சின்ன ஹீட்டர்தான். மனிதனின் உடம்புச் சூடுகூட வெளியே போய்விடக் கூடாது.

அதைச் சோதிக்க ஓர் ஆள் ஒரு நாள் முழுக்க உள்ளே இருக்க வேண்டும். சுவர் இணைப்புகளைப் பொருத்திய உமாபதியே இருப்பதாக ஒப்புக்கொண்டான். கார்மேகம் வெளியே கண்ணாடி அறையில் உட்கார்ந்து மணிக்கு ஒரு தடவை விசாரிப்பான். காற்று வருகிறது என்று சொல்லிவிட்டால், உள்ளே இருப்பவருடைய பாதுகாப்புக்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விசாரிக்க வேண்டும்.

"விரல் மரத்துப்போச்சா?"

"இல்லப்பா."

"சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு குப்பூஸும் பருப்பும்."

"தலை சுத்துதா? தப்பா நெனைக்காதீங்கண்ணே, பேப்பர்ல இருக்கு. கேட்டு டிக் போடணும்."

"கேளு, கேளு. அதனால என்ன?"

கொஞ்ச நேரம் கழித்து, பேப்பரில் இல்லாததையும் கார்மேகம் கேட்டான். "கேம்ப்ல உங்க ரூம்ல யாருண்ணே இருக்காங்க?"

"ரெண்டு நேபாளி, மூணு பெங்காலி. எல்லாருக்கும் நைட் டூட்டி. நான் வர்றப்போ பஸ் ஏறியிருப்பாங்க. நான் கெளம்புன பெறகுதான் திரும்புவாங்க. அந்த ரூமுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒருத்தன் பேருகூட சரியாத் தெரியாது."

"ஊருக்குப் போன் பண்ணுவீங்கள்ல?"

"அம்மா இருந்தவரைக்கும் பண்ணுவேன். அவங்க போனப்பறம் அந்த நம்பர் கட்டாயிடுச்சுப்பா."

கார்மேகம் "டீ குடிங்கண்ணே. இப்ப காத்து எப்படி இருக்கு?" என்றான்.

"அப்படியேதான் இருக்கு."

மறுநாள் காலை, கீழக்கரைக்காரரான இன்ஜினியர் செய்கு முகம்மது வந்தார். இணைப்பில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எட்டு வருஷமா ஒன் ஜாயின்ட்ல ஒரு கொறை பார்த்ததில்ல உமாபதி. இப்ப ரெண்டு டெஸ்ட், ரெண்டும் ஃபெயில். ஒனக்கு என்ன ஆச்சு?"

"என் தப்புதான் சார். பிரிச்சுட்டுப் புதுசா ஒட்டிடுறேன்."

"இதுதான் கடைசி. இன்னொரு தடவை போச்சுன்னா இந்த வேலையை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும். அப்பறம் ஒன்னைய மூட்டை தூக்கத்தான் அனுப்புவாங்க. நான் சொல்லியும் கேக்க மாட்டாங்க."

உமாபதி தலையாட்டினான்.

அன்று சாயங்காலம் அவன் சுவர் இணைப்பில் காற்றை அடைக்கும் ரப்பர் பட்டியை ஒட்டிக்கொண்டிருந்தபோது கார்மேகம் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரெண்டு தடவை நடுங்கிட்டீங்க. இந்தத் தடவை நான் உள்ள உக்காரட்டுமாண்ணே?"

"ஒனக்கு எதுக்குப்பா அந்தக் கஷ்டம்? நானே இருந்துக்கிறேன்."

"இந்தத் தடவை பாஸாயிடும், பாருங்க. முடிஞ்சா அடுத்த நாளே என்னைய யான்பு சைட்டுக்கு அனுப்புறாங்களாம்."

"அப்படியா?" என்ற உமாபதி, பட்டியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். ஊசி முனைக்குக்கூட இடைவெளி இல்லை.

மறுநாள் காலையில் அவன் உள்ளே போனதும் கனமான கதவு மூடியது. பூட்டு விழும் சத்தம் கேட்டது.

உமாபதி வலது பக்கச் சுவரோரம் மண்டியிட்டான். முந்தைய இரண்டு தடவை செய்ததைப் போலவே, தானே ஒட்டிய அந்தப் பட்டியை நகத்தால் ஒரு விரல் நீளத்துக்கு உரித்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.