சாம்பிராணிக் கச்சேரி

மழை வலுத்ததும் பொன்னுரங்கம் சாம்பிராணித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மேடையில் வித்வான் அப்போதுதான் தோடியைத் தொட்டிருந்தார். மைக் கிடையாது. குரோம்பேட்டையில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கிற கூடம் இது ஒன்றுதான்.

'நூறு வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரத் துரைமார் நடனமாடிய மண்டபம்' என்று சபா நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நடனமாவது, துரைமாராவது! பதினைந்து வருடம் முன்புவரை இது தோல் கிடங்கு. வித்வான் சம்மணமிட்டிருந்த கல்மேடைதான் தோலுக்கு உப்புத் தடவிய இடம். ஏலத்தில் எடுத்த பொன்னுரங்கத்துக்கு அது தெரியும். பிறகு குடிவந்த காலனிக்காரர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

வெயில் காலத்தில் தொந்தரவில்லை. மழை பெய்தால்தான் சுவர் ஊறிப் பழைய வாடை கிளம்பும்.

சபாக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பினால் போச்சு. மறுநாளே மகன் சம்பத் கடப்பாரையோடு வந்துவிடுவான். இடித்துவிட்டு ஃபிளாட் கட்ட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பொன்னுரங்கத்துக்கு ராகம், தாளம் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் இந்தக் கூடத்தில் பாட்டு எழும்பினால் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதைச் சம்பத்திடம் சொன்னால் சிரிப்பான்.

"என்ன பக்தி பாருங்கோ!" என்று மாமிகள் புகைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

யக்ஞநாராயணன் மட்டும் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். வெளியில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரசீலர். பாங்க்கில் ரிட்டயரானவர் என்பதால் காலனிக்கே 'பாங்க் மாமா'. எழுந்து நேராகப் பொன்னுரங்கத்திடம் வந்தார்.

பொன்னுரங்கம் முந்திக்கொண்டார். "எலி கிலி செத்துக்கீது போல, சார்..."

"எலியாவது! ஆட்டுத்தோல்." பாங்க் மாமா குரலைத் தாழ்த்தினார். "பதினெட்டு வருஷம் இங்கேதான்யா குமாஸ்தா. ஆத்துல பாங்க்குன்னே சொல்லிண்டிருக்கேன். பொம்மனாட்டிகள் பக்கம் என் ஆத்துக்காரி பட்டு உக்காந்திருக்கா பார், அங்கே நன்னாப் போடு."

அடடா, இவருமா! பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்தது. தணலில் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு பட்டு மாமியிடம் போனார்.

மாமி இருமினாள். கையால் புகையை விலக்கினாள்.

"போதும்ப்பா. பதினெட்டு வருஷம் அவர் சட்டையைத் தோய்ச்ச எனக்கு இந்த வாசனை தெரியாதா?" என்றாள். பிறகு திரும்பி, அதற்குள் தம் இடத்துக்குப் போய்க் கண்மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த கணவரை ஒரு தடவை பார்த்தாள்.

"பாவம், அவர்கிட்ட சொல்லிடாதே."