ஏழால் பெருக்கிய சுவர்

“ஐயா, இந்தக் கணக்குப்படி பாத்தா உங்கட மீன் குளிரறைச் சுவரும் என்ர வீட்டுக் குசினிச் சுவரும் ஒண்டுதான்!”

கொழும்பிலிருந்து வந்திருந்த பரிசோதனை அதிகாரி முனீப் பேனையை மேசையில் வைத்தார். எதிரே இருந்த மீனவர் சங்கத் தலைவர் முருகேசு அந்தப் பேனையைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினார்.

நகர்த்தாமல் என்ன செய்வார்? இன்றைக்குக் குளிரறைக்கு அங்கீகார முத்திரை விழாவிட்டால் நாளை விடிய வரும் ஏற்றுமதி லொறி வேறு கரைக்குப் போய்விடும். “மீனை என்னட்ட விடுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்” என்று முப்பது படகுக்காரரிடம் மார்தட்டியவர் அவர். சூரை மீன் நாறினால், அதற்கு முன்பே அவர் பெயர் நாறிவிடும்.

“நல்லாப் பாருங்கோ சேர். அமெரிக்காவில இருக்கிற எங்கட ஊராக்கள் அனுப்பின சாமான்.”

மேசையில் துணி விரித்து, கல்யாண வீட்டுக் கேக்கைப் போல சுவருக்குள் வைத்து வெப்பத்தைத் தடுக்கும் ஒரு மஞ்சள் ரெஜிபோம் நுரைப்பலகை வைக்கப்பட்டிருந்தது. வெப்பம் அதற்குள்ளால் எவ்வளவு கடக்கும் என்பதை அதன் லேபல் அமெரிக்கக் கணக்கில் சொன்னது. பி.ரி.யூ., அங்குலம், சதுர அடி, பரனைற் எல்லாம் சேர்த்து 0.17.

“என்ர படிவத்தில வாட்டும் மீற்றரும்தான் இருக்கு. மாத்திற இலக்கம் 6.93. பெருக்கினன், 1.18 வருது. 0.03ஐத் தாண்டினா முத்திரை இல்ல.” முனீப் தன் கைநூலைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். “1.18 எண்டா என்ன தெரியுமா? வெறும் கொங்கிறீட்!”

முருகேசு கதிரையிலிருந்து எழும்பி, மறுபடி இருந்தார்.

“ஆர் சேர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?”

“கணக்குச் சொல்லுது.”

“அப்ப... சுவரை வந்து பாக்கப்போறீங்களோ?”

“அது என்ர வேலை இல்ல ஐயா. நான் கடதாசி பாக்கிற ஆள்.”

முருகேசு உடனே மகளுக்குப் போன் எடுத்தார். “பிள்ளை, ஓடி வா. கொங்கிறீட் எண்டு சொல்லிப்போட்டார்.”

கஜந்தினி பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். ஸ்கூட்டியில் வந்து இறங்கியவள், தலைக்கவசத்தைக் கழற்ற முதலே படிவத்தைக் கையில் எடுத்தாள்.

“சேர், பெருக்கக் கூடாது. பிரிக்கோணும்.”

“6.93 எண்டு நூலில இருக்கே ரீச்சர்.”

“அது வாட்டில இருந்து பி.ரி.யூவுக்குப் போறதுக்கு. நீங்கள் திரும்பி வாறீங்கள். போற பஸ்ஸில ஏறினா வீட்டுக்குத் திரும்பி வரேலுமா?”

அவள் பிரித்துக் காட்டினாள். 0.0245 வந்தது. முனீப் அதைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“லேபலில பதினேழு இருந்தது. இப்ப ரெண்டரைதான் இருக்கு. மிச்சத்தை ஆர் எடுத்தது?”

“ஒருத்தரும் எடுக்கேல்ல. பதினெட்டு அடிச் சீலையை மீற்றரில அளந்தா அஞ்சரை. சீலை சுருங்கிப்போச்சா?”

“சலவைக்குப் போட்டா சுருங்கும்,” என்றார் முனீப், விட்டுக்கொடுக்காமல்.

அரை மணித்தியாலம் இப்படியே போனது. முனீப் கொழும்புக்குப் போன் எடுத்தார். அங்கே ஒருவர் பெருக்கச் சொன்னார், இன்னொருவர் பிரிக்கச் சொன்னார், மூன்றாமவர் சாப்பிடப் போயிருந்தார். முருகேசு இரண்டு கட்சிக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தபடி முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் கஜந்தினி கைநூலின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

“இதில பாருங்கோ, அமெரிக்கக் கணக்கில கொங்கிறீட்டுக்கு எட்டுக்கு மேல போட்டிருக்கு. இந்தப் பலகை 0.17. எட்டும் இதுவும் எப்பிடிச் சேர் ஒண்டாகும்?”

முனீப் மூன்று தரம் வாசித்தார். பிறகு முகம் சிவந்தது.

“மன்னிச்சுக்கோங்க ரீச்சர். ஒரு நல்ல மனுசனை வீணாச் சந்தேகப்பட்டுட்டன்.”

முத்திரை விழுந்தது. முருகேசுவுக்குக் கண் கலங்கியது. மகளை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது, அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது.

முனீப்பின் ஓட்டோ தெருவில் மறைந்ததும், கஜந்தினி தான் வென்று கொடுத்த சுவரை ஒருதரம் பார்ப்போம் என்று குளிரறைப் பக்கம் போனாள். வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. சுவர் மேலிருந்து கீழ்வரை வியர்த்து, அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

“அப்பா, உள்ளுக்குப் பலகை வைச்சுக் கட்டியிருந்தா வெளிப்பக்கம் இப்பிடிக் குளிராதே. மற்றப் பலகையெல்லாம் எங்க?”

முருகேசு கடலைக் காட்டினார். பக்கத்து ஊரான சாம்பல்தீவு ஆட்கள் நாலைந்து பேர் தெப்பங்களில் இருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெப்பம் ஒவ்வொன்றும் மேசைப் பலகையைப் போலவே பளீரென்ற மஞ்சள் நிறம்.

“மார்கழியில கடல் ஏறி, கரையில அடுக்கிக் கிடந்ததெல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போயிட்டுது. மேசையில கிடக்கிற ஒண்டுதான் மிஞ்சினது. மேசன் வெறும் கொங்கிறீட்டைக் கட்டிப்போட்டுப் போயிட்டான். அந்த மனுசன் முதல் போட்ட கணக்குத்தான் சரி, பிள்ளை.”