பதினேழு குறைகள்

“பாத்து, தலைகீழா வெச்சிடாதீங்க! ஏற்கெனவே அரை உயிராக் கெடக்கு.”

சுந்தரவல்லி பதறினார். ஆட்டோ ஓட்டுநர் அப்துல் சமத், துண்டு போர்த்திய சுமையைத் தேனாம்பேட்டை அலுவலகத்தின் மேசைமேல் மெல்லக் கிடத்தினார். “நாலாவது வாட்டி தூக்கிகினு வரேன்க்கா. இன்னும் கண்ணு முழிக்கலியா இது?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

சுந்தரவல்லி துண்டை விலக்கினார். உள்ளே இருந்தது அவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் சிபியு.

எதிரில் அமர்ந்திருந்த சாருலதாவுக்கு அன்று தேர்வு. ‘வரைவு’ என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தயாரித்து விற்கும் அந்த நிறுவனத்தில், பயிற்சியின் கடைசி நாளன்று ஒரு வாடிக்கையாளரைத் தனியாகச் சமாளித்துக் காட்ட வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே மேலாளர் ஸ்ரீவத்சன் பேனாவும் தாளுமாக நின்றிருந்தார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை; இல்லையென்றால் நாளை முதல் வர வேண்டியதில்லை.

“நீங்களும் புதுசா?” என்றார் சுந்தரவல்லி. “ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகம். ஸாஃப்ட்வேரை மாத்துங்கன்னா ஆளை மாத்தறீங்க.”

“ஸாரி மேடம். பிரச்சினை என்னன்னு சொல்லுங்க.”

கைப்பையிலிருந்து எண்ணிட்ட பட்டியல் ஒன்று வெளிவந்தது. அடையாற்றில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிப்பவர் அவர்; எதையும் வரிசை தவறாமல் சொல்லித்தான் பழக்கம்.

“ஒண்ணு. நான் கேக்காமலே புது வெர்ஷன் தானா வந்து உக்காருது. வீட்டுக்காரங்களைக் கேக்காம ஒருத்தன் குடிவந்தா அதுக்கு என்ன பேரு?”

“ஸாரி மேடம்.”

“ரெண்டு. பிரிண்ட் பட்டனைத் தேடித் தேடிக் கண்ணு போச்சு. அதை ஒளிச்சு வெச்சதுக்குப் பேரு எளிமையாம்!”

“ஸாரி மேடம்.”

“அஞ்சு. ‘எதிர்பாராத பிழை’ன்னு வருது. தினம் காலைல ஆறு மணிக்கு வருதும்மா. எங்க பால்காரர்கூட அவ்வளவு கரெக்டா வர மாட்டார். அப்புறம் என்ன எதிர்பாராதது?”

சாருலதா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சுந்தரவல்லியின் குரல் உயரும்போதெல்லாம் வெளியே ஸ்ரீவத்சனின் பேனா தாளில் ஒரு கோடு இழுத்தது.

“ஒம்பது. அந்தப் பிழைக்குக் கீழ ‘சரி’ன்னு ஒரே ஒரு பட்டன். எது சரி? என் ஃபைல் போனது சரியா?” மேசையில் ஓங்கி ஒரு தட்டு. இன்னொரு கோடு.

பதினாறு குறைகளை வாசித்து முடித்தார். பதினேழாவதற்கு வந்தபோது அந்தக் குரல் தாழ்ந்துவிட்டது.

“என் தீசிஸ் திறக்கலைம்மா. முந்நூத்திப் பன்னெண்டு பக்கம், ஏழு வருஷம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுக்கலைன்னா என் ரெஜிஸ்ட்ரேஷனே கேன்சல். காலேஜ்ல நான் இன்னும் டெம்பரரிதான். டாக்டரேட் இல்லைன்னா ஜூன்ல வேலை கிடையாதுன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க.”

“வேற எங்கயாவது காட்டினீங்களா மேடம்?”

“காட்டாத கடை இல்ல. கம்பெனிக்காரங்கதான் திறக்க முடியும்ங்கறாங்க. பென் டிரைவ்ல இருக்கறதும் திறக்கல. உன்னால ஆகுமா, ஆகாதா? அதை மட்டும் சொல்லு.”

சாருலதா பென் டிரைவை வாங்கி, அந்தக் கோப்பைத் தன் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தாள். அதன் பெயர் ஒரு முழு வரிக்கு நல்ல தமிழில் நீண்டிருந்தது. அவளுக்கு ஏதோ ஓர் ஐயம். பெயரை அழித்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தை இட்டுத் தட்டினாள்.

திறந்துகொண்டது. முகப்பு, நன்றியுரை, பொருளடக்கம், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் குறைவின்றி இருந்தன. தமிழுக்கென்றே செய்த மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயரைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் நோய்.

திரை சுந்தரவல்லியின் பக்கம் திரும்பியிருக்கவில்லை. மேலாளரைக் கேட்காமல் வாடிக்கையாளரிடம் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது முதல் நாளே கற்பித்த விதி. “ஒரே நிமிஷம் மேடம், இதோ வந்துடறேன்” என்று சாருலதா வெளியே ஓடினாள்.

“சார், திறந்துடுச்சு! ஃபைல் பேரு தமிழ்ல இருந்தா நம்ம புது வெர்ஷன் எடுக்கல. பேரை இங்கிலீஷ்ல மாத்தினேன், அவ்வளவுதான் சார்!”

ஸ்ரீவத்சன் வியப்படையவில்லை. தாளைப் பார்த்து வாசித்தார். “நாப்பது நிமிஷம். பதினாறு ஸாரி. ஒரு தடவைகூட நீ குரலை உசத்தலை, சிரிக்கலை. பாஸ் பண்ணிட்டே. வேலை உனக்குத்தான்.”

“தேங்க்ஸ் சார். அப்போ அவங்ககிட்ட சொல்லிடட்டுமா?”

“எதை?”

“ஃபைல் திறந்துடுச்சுன்னு.”

“பேரை மாத்தினாத் திறக்கும்னு அவங்க முதல் தடவை வந்தப்பவே எனக்குத் தெரியும்மா. நீ எடுத்த காப்பியை அழிச்சுட்டு, நாளைக்குக் காலைல வரச் சொல்லு. அடுத்த பேட்ச்ல மூணு பேருக்கு டெஸ்ட் இருக்கு.”

சாருலதா கண்ணாடி வழியே பார்த்தாள். சுந்தரவல்லி நாற்காலியின் நுனியில் அமர்ந்து, அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கலைன்னா அவங்களுக்கு வேலையே போயிடும்!”

ஸ்ரீவத்சன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“அதனாலதான் சொல்றேன். நாளைக்கு இன்னும் நல்லாக் கத்துவாங்க.”